சத்தம் போடாத பெட்டி

அவர் வலது கை ஆள்காட்டி விரலைத் தூக்கினால் எதிரில் இருப்பவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பேச்சு எந்த இடத்தில் இருந்தாலும் சரி. கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவர், கணபதி விழாக் கமிட்டிக்கு வசூல் கேட்டு வந்தவர்கள், தண்ணீர் வரவில்லை என்று சொல்லப் போன நான், எல்லோருக்கும் ஒரே சட்டம்தான். விரல் மேலே போகும். தலை சாயும். இடது காது உள்ளறைப் பக்கம் திரும்பும். கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். பிறகு ஒரு வார்த்தை சொல்லாமல் உள்ளே போய்விடுவார். நாங்கள் பாதி வாக்கியத்தோடு வாசலில் நிற்போம். முதல் மாதம் முழுக்க எனக்கு அது வீட்டுக்காரத் திமிராகத்தான் பட்டது.

புனே தாபோடியில் அவருடைய வீட்டு மாடியில் குடியிருந்தேன். எனக்கு ஊர் பொள்ளாச்சி, வேலை ஹிஞ்சேவாடி ஐடி கம்பெனியில். வீடு பார்க்கப் போன அன்று, சம்பளம் என்ன, என்ன ஆளுங்க, கவிச்சி சமைப்பியா என்று வழக்கமாகக் கேட்பதில் ஒன்றையும் அவர் கேட்கவில்லை.

"மேல நடக்கும்போது செருப்பு போட்டுப்பியாமா?"

"மாட்டேனுங்க."

"மிக்சி?"

"காலைல சட்னிக்கு ஒருக்கா."

யோசித்தார். "அவ தூங்குற நேரமாப் பாத்து போட்டுக்கோ. முழிச்சிகினு இருக்கும்போது மட்டும் வேணாம். நான் சொல்றன் உனக்கு."

வாய் தவறிச் சொல்கிறார் என்று நினைத்தேன். தூங்கும்போது சத்தம் போடாதே என்பதுதானே உலக வழக்கம். கீழ்வீட்டில் அவர் மனைவி படுத்த படுக்கையாக இருக்கிறார் என்பது தெரியும். படுத்திருக்கிற பெண்மணி தூங்குகிற நேரமாகப் பார்த்து மிக்சி போடச் சொல்கிற மனுஷனை என்னவென்று சொல்வது? வாடகை கட்டுப்படி ஆனதால் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டேன்.

அவருடைய அப்பா திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். இவர் பக்கத்துப் பகுதியான போபோடியில் ஒரு சந்தில் பிறந்து வளர்ந்து, அப்பாவைப் போலவே ஃபேக்டரியில் சேர்ந்து, தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் ஓய்வு பெறும்வரை நின்றவர். வலது காது அங்கேயே போய்விட்டது. இடது காது பாதி. அதிலும் மெல்லிய, கூர்மையான சத்தம் எதுவும் விழாது. அவர் வீட்டு வாசலில் குருவி மாதிரிக் கத்துகிற காலிங் பெல் ஒன்று உண்டு. அதற்குக் கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், பெல் கத்திக்கொண்டிருக்கும், அவர் பாட்டுக்கு வெங்காயம் உரிப்பார். தெரிந்தவர்கள் இரும்புக் கேட்டைத் தட்டுவார்கள். அது கேட்கும். காதில் வைக்கிற மெஷின் வாங்கித் தருகிறேன் என்று மைத்துனர் சொன்னதற்கு இவர் சொன்ன பதிலை எனக்குப் பலமுறை திருப்பிச் சொல்லியிருக்கிறார்.

"அது ஊரு ஆவாஜ் எல்லாத்தயும் பெருசாக்குதுமா. எனக்கு ஒண்ணுதான் வேணும். பாக்கி நக்கோ."

சத்தம் என்ற தமிழ்ச் சொல்லை அவர் உபயோகித்து நான் அதிகம் கேட்டதில்லை. ஆவாஜ்தான். அதில் பாதி நாள் "ஆவாஜ் நக்கோ", சத்தம் வேண்டாம்.

அவருக்கு வேண்டியிருந்த அந்த ஒன்று, ஆன்ட்டியின் குரல். நுரையீரல் நாளுக்கு நாள் இறுகிக்கொண்டே போகிற நோய் ஆன்ட்டிக்கு. மூக்கில் குழாய், அறை மூலையில் ஆக்சிஜன் மெஷின். பகலும் இரவும் அது உறுமிக்கொண்டே இருக்கும். ஒரு காலத்தில் மாடியில் நின்று ஆன்ட்டி கூப்பிட்டால் ரயில்வே கேட்டில் நிற்கிற புருஷன் திரும்பிப் பார்ப்பாராம், பக்கத்து வீட்டு மராத்திக்காரம்மா சொல்லிச் சிரிப்பார். நான் போன காலத்தில் அந்தக் குரல் உதட்டுக்கும் மூக்குக் குழாய்க்கும் நடுவிலேயே நின்றுவிட்டிருந்தது. முழுக் காது உள்ள நானே குனிந்துதான் கேட்க வேண்டும். அரைக் காதுக்காரர் என்ன செய்வார்? ஊரையே சும்மா இருக்கச் சொன்னார். ஆன்ட்டி தூங்கினால் பேசப்போவதில்லை, அப்போது மிக்சி என்ன, இடியே விழுந்தாலும் அவருக்குக் கவலையில்லை. கணக்கு அவ்வளவுதான். அது புரிந்த பிறகு நான் மாடியில் பூனை மாதிரி நடந்தேன்.

கணபதி விழாவுக்கு முன்னால் பாலத்தடியில் டோல் தாஷா மேளப் பயிற்சி தொடங்கும். அறுபது எழுபது பேர் இடுப்பில் டோல் கட்டிக்கொண்டு அடித்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். அந்த வருஷம் இவர் எழுந்து போய் அவர்கள் நடுவில் நின்றார். விரலைத் தூக்கினார். பெண்டாட்டி பேசுவது காதில் விழவில்லை என்று மராத்தியில் சொல்லிப் பார்த்தார். அந்தச் சத்தத்தில் அது யாருக்குக் கேட்கும்? தாத்தா பக்தியில் விரல் தூக்கி ஆடுகிறார் என்று நினைத்து இரண்டு பேர் அவரைச் சுற்றி இன்னும் ஓங்கி அடித்தார்களாம். பயிற்சி முடியும்வரை விரலை இறக்காமல் நின்றுவிட்டு வந்தார். அதற்குப் பிறகு இரண்டு நாள் நல்ல காதும் அடைத்துக்கொண்டது. ஆன்ட்டி திட்டினார். திட்டியது கேட்கவில்லை. இவர் கட்டிலோரம் உட்கார்ந்து, திட்டுகிற வாயையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

பெட்டி சமாசாரம் ஆன்ட்டியால் வந்தது. அவருக்கு ஹிந்தியில் வரும் கொலைத் தொடர்கள்மேல் உயிர். கதை தொடங்கிக் கொஞ்ச நேரத்துக்குள் கொலைகாரன் யார் என்று சொல்லிவிடுவார். "அந்த டிரைவர்தான்." "மச்சினிதான், அழுவுறா பாரு, கண்ணுல தண்ணியே இல்ல." முக்கால்வாசி சரியாக இருக்கும். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவர் டிவி பக்கமே பார்க்காமல் காதைச் சாய்த்து விரலைத் தூக்கியபடி உட்கார்ந்திருப்பார். ஆன்ட்டி சொன்னதும் விரல் இறங்கும். முகத்தில் ஒரு நிம்மதி வரும். கொலைகாரன் அகப்பட்டுவிட்ட நிம்மதி என்று நான் கேலி செய்வேன்.

சிக்கல் என்னவென்றால் ஆன்ட்டி நடுவில் அயர்ந்துவிடுவார். கண் விழிப்பதற்குள் கதை முடிந்திருக்கும். நிறுத்திவைக்கிற மாதிரி ஏதாவது வேண்டும் என்று இவர் மாடிக்கு வந்தார். கம்ப்யூட்டரைப் பிரித்துக் கோப்பதில் எனக்குக் காலேஜ் நாளிலிருந்தே கிறுக்கு. அந்தச் செங்கல் சுவருக்குள் இன்டர்நெட் சரியாக எட்டாது, அதனால் டிவி பின்னால் குத்துகிற ஸ்டிக் உதவாது, டிவியோடு சேர்த்துவைக்கச் சின்னதாக ஒரு கம்ப்யூட்டரே கோத்துவிடலாம், படமெல்லாம் அதற்குள்ளேயே இருக்கும் என்றேன். பட்ஜெட் இவ்வளவுதான் என்று ஒரு தொகை சொன்னார். அதில் ஒழுங்காக ஒரு ஃபோன்கூட வராது. பரவாயில்லை, ஐடி கம்பெனிகள் கழித்துக்கட்டிய பழைய போர்டுகள் புனேயில் மலிவாகக் கிடைக்கும், சமாளிக்கலாம் என்றேன்.

"ஆவாஜ் வரக்கூடாது. பஸ், அவ்ளோதான். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது."

எலக்ட்ரானிக் கடைகள் நெருக்கியடிக்கும் தாப்கீர் கல்லிக்கு அவரைக் கூட்டிப்போனது என் வாழ்நாளில் செய்த பெரிய தப்புகளில் சேர்த்தி. ஒவ்வொரு சாமானையும் காதில் வைத்துப் பார்த்தார். ஓடாத சாமானையும் வைத்துப் பார்த்தார். ஃபேனை ஓட்டிக் காட்டச் சொல்லி இடது காதோரம் பிடித்துக்கொண்டு, கடையிலிருந்த மற்றவர்களைப் பார்த்து விரலைத் தூக்கினார். "காகா, கம்ப்யூட்டர் ஹை, சிதார் நஹி" என்றார் கடைக்காரர். கடை முழுக்கச் சிரித்தது. இவர் சிரிக்கவில்லை.

படம் காட்டுகிற வேலையையும் தானே பார்த்துக்கொள்கிற பிராசஸராகத் தேடி எடுத்தோம், தனியாக கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டாம், அதன் தலையில் ஒரு ஃபேனும் வேண்டாம் என்று. பிராசஸரோடு வந்த ஃபேனைக் கழற்றிவிட்டுப் பெரிய அலுமினியத் தகடுக் கோபுரம் ஒன்றை உட்காரவைத்தேன். சூடு தானாக ஏறி வெளியே போய்விடும். ஹார்ட் டிஸ்க் சுற்றினால் டிக் டிக்கென்று கேட்கும், அதனால் சுற்றுவதே இல்லாத எஸ்எஸ்டி சின்னதாக ஒன்று. அதில் நிறைய கொள்ளாது, நிறைய கொள்வது வாங்கினால் பட்ஜெட் கிழிந்துவிடும். ஆகவே பெரிய ஹார்ட் டிஸ்க் என் அறையிலேயே இருந்தது. வாரம் ஒருமுறை அதிலிருந்து ஆன்ட்டிக்குக் கொலைகளை அள்ளிக் கீழே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவேன். பவர் சப்ளையில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. மலிவுச் சரக்கு வேண்டாம், அது போனால் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு போகும் என்று அடம்பிடித்து, சூடு ஏறாதவரை ஃபேன் சுற்றாத வகையாகப் பார்த்து வாங்கவைத்தேன்.

பெட்டியை முதலில் ஓட்டியபோது அவர் அதன்மேல் காதை வைத்துக்கொண்டு வெகுநேரம் குனிந்து நின்றார்.

"ஓடுதா?"

"ஓடுதுங்க."

"பொய் சொல்லாதமா. ஓடுதுன்னு எப்பிடித் தெரியும்?"

"டிவில படம் தெரியுதுங்களே அங்கிள்."

நிமிர்ந்து டிவியைப் பார்த்தார். அப்புறம் ஆன்ட்டியைப் பார்த்தார். அந்த வீட்டில் அவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் அன்று ஒரு தடவைதான் பார்த்தேன். "அச்சா. இப்பிடித்தான் இருக்கணும். ஓடுறதே தெரியாம ஓடணும்."

ஒரு சத்தத்தை எடுத்தால் அதற்குக் கீழே இருந்த சத்தம் மேலே வருகிறது. முன்பு டிவிக்கு மேலே இருந்த பழைய கேபிள் பெட்டி ஒன்று ரீங்கரிக்கும், சீலிங் ஃபேன் கடகடக்கும். ஒவ்வொன்றாக அவர் தீர்த்துக்கட்டியபின் அறையில் மிச்சம் இருந்தது ஆக்சிஜன் மெஷின் மட்டும். அதுவரை சகித்திருந்த அந்த உறுமல் இப்போது அவரைத் தின்ன ஆரம்பித்தது. அந்த மாதங்களில் ஆன்ட்டியின் குரலும் இன்னும் இளைத்துப்போயிருந்தது. "அவ என்னமோ சொல்றாமா, நான் ஆங்னு தலயாட்டுறன். என்ன சொன்னான்னு தெரியாமயே ஆட்டுறன்" என்றார் ஒருநாள். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அப்போதுதான். அதற்கடுத்த வாரம் படம் கொட்டப் போனால் அறை மூலை காலியாக இருந்தது. மெஷினைக் கொண்டுபோய் அடுக்களையில் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார். நீளக் குழாய் ஒன்று சுவரோரமாக, கிளிப் அடித்து, மடங்காமல் நசுங்காமல் கட்டில்வரை வந்திருந்தது.

"இவ்வளவு நீளம் இருந்தா காத்து கொறையாதுங்களா அங்கிள்?"

"மெஷின் கம்பெனி ஆள் வந்து பாத்துட்டு, பர்வா நஹின்னு சொன்னான். விரல்ல மாட்டுறதுல பாத்தன், நம்பர் சரியா கீது."

சரியாகத்தான் இருந்தது. கதவிடுக்கில் குழாய் நசுங்காமலிருக்கக் கதவின் அடியை அறுத்துப் பள்ளம்கூட எடுத்திருந்தார். நானும் குழாயைப் பார்த்தேன், கம்பெனி ஆளும் குழாயைப் பார்த்தார். பிளக்கை யாரும் பார்க்கவில்லை. ஆன்ட்டியின் அறைக்கு மட்டும் இன்வெர்ட்டர் லைன் இழுத்திருந்தது, அந்த மெஷினுக்காகவே இழுத்தது. அடுக்களையில் இருந்தது மிக்சியும் ஃபிரிட்ஜும் ஓடுகிற சாதாரண பிளக். மெஷின் போனபின் அறையில் இன்வெர்ட்டர் பிளக் காலியானது, அதில் இவர் கம்ப்யூட்டர் பெட்டியையும் டிவியையும் சொருகியிருந்தார்.

எங்கள் பக்கத்தில் வேலை இருந்தால் வியாழக்கிழமை கரண்ட் எடுப்பார்கள். ஃபோனுக்கு மெசேஜ் வந்துவிடும். அன்றும் வந்தது. அவர் படித்தார், இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று வைத்துவிட்டார். நான் ஆபீஸில் இருந்தேன். அன்று மத்தியானம் நடந்ததை அவர் எனக்குச் சொன்னது காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் ரயிலேறிய பிறகு. அவர் சொன்னபடியே எழுதிவிடுகிறேன், எனக்கு இதைச் சீராக்கத் தெரியவில்லை.

"டிவி ஒருவாட்டி கண்ண சிமிட்டிச்சு. கரண்ட் பூட்ச்சுன்னு தெரியும். இன்வெர்ட்டர் எடுத்துகிச்சு, படம் ஓடுது. அப்புறம் என்னா சாந்தி தெரியுமாமா. கிச்சன்லேர்ந்து லேசா ம்ம்ம்னு ஒண்ணு வந்துகினே இருக்கும், அதுகூட இல்ல. அவகிட்ட சொன்னன், பாத்தியாடி, இப்ப சுத்தமா ஆவாஜே இல்லன்னு. அவ தலயாட்டுனா. யாரு கொன்னதுன்னு சொல்லுவான்னு விரல தூக்கிகினு உக்காந்திருந்தன். சொல்லல. என் தோள்மேல சாஞ்சா. எப்பவும் தூங்குறமாதிரி தூங்குறான்னு நெனச்சன். நிறுத்தலாம்னு பாத்தன், கடைசி வந்துடுச்சே, முடிஞ்சா முடியட்டும்னு வுட்டுட்டன். கொன்னவன் யாருன்னு காட்டிட்டான். நீ சொல்லவே இல்லியேன்னு திரும்பறன், அப்போதான் பாத்திரம் கழுவுற பொண்ணு பின்கதவுல வந்துச்சு. காகா, ஹே காய் வாஜ்தய்னு கத்துச்சு. என்னமோ அடிக்குதாம். என்னா அடிக்குது? எனக்கு ஒண்ணுமே கேக்கல. கிச்சன் கதவு தொறந்தப்புறமும் கேக்கல."

கரண்ட் போனால் அந்த மெஷின் பீப் பீப்பென்று கூவும். மெல்லிய, கூர்மையான சத்தம், வாசல் குருவி மாதிரி. பாத்திரம் கழுவுகிற அந்தப் பெண் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. சாவுக்குக் காரணம் நுரையீரல் என்று டாக்டர் எழுதினார். பக்கத்து வீட்டம்மா, போகட்டும், கஷ்டப்படாமல் போனாள் என்றார். எனக்கு அங்கிள்மேல் கடுமையான கோபம் வந்தது. சொல்லி முடித்துவிட்டு இரண்டு கையையும் தொடைகளின்மேல் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த மனிதரிடம் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தார்.

மழைக்காலம் போனபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை படியேறி வந்தார். செருப்புக் காலோடு, தட்தட்டென்று மிதித்துக்கொண்டு வந்தார்.

"அந்த ஃபேன் கழட்டுனியே, வெச்சிருக்கியாமா?"

அட்டைப் பெட்டியோடு பரணில் இருந்தது. எடுத்துக்கொண்டு போனேன். கீழே கட்டில் இல்லை, யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அலுமினியக் கோபுரத்தைக் கழற்றிவிட்டு ஃபேனைப் பூட்டி ஓட்டினேன். சுமாரான இரைச்சல்தான்.

"இன்னும் பெருசா வராதா?"

சூட்டைப் பார்த்து வேகம் கூடிக் குறைகிற ஏற்பாட்டை எடுத்துவிட்டு எப்போதும் முழு வேகத்தில் சுற்றும்படி வைத்தேன். அறை முழுக்க இரைந்தது. பேசவே குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

"இவ்வளவு சத்தம் எதுக்குங்க அங்கிள்?"

"நின்னா தெரியணும்" என்றார்.

டிவியை அவர் போடவில்லை. ஆன்ட்டிக்குப் பிறகு போட்டதாகவே எனக்குத் தெரியவில்லை. கிளம்பும்போதுதான் கவனித்தேன், பெட்டியின் ஒயர் அறையிலிருந்த இன்வெர்ட்டர் பிளக்கில் இல்லை. எக்ஸ்டென்ஷன் ஒன்று போட்டு, கதவடிப் பள்ளத்தின் வழியாக, குழாய் வந்த அதே கிளிப்புகளுக்குள் நுழைத்து, அடுக்களைப் பிளக்குக்குக் கொண்டுபோயிருந்தார்.

அதற்குப் பிறகு நான் அந்த வீட்டில் அதிக நாள் இருக்கவில்லை. காலி செய்வதற்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து வரும் இரைச்சல் அதற்குள் எனக்குப் பழகிப்போயிருந்தது. மத்தியானம் அது சட்டென்று நின்றது. கரண்ட் போய்விட்டது. கீழே நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவர் அடுக்களைக்கு ஓடுகிற காலடிச் சத்தமும், கதவைத் தள்ளித் திறக்கிற சத்தமும் மாடிவரை கேட்டன. பிறகு கரண்ட் வரும்வரை கீழே ஒரு சத்தமும் இல்லை.